வர்க்க எண்ணில் பத்தாம் இடம்: கடைசி இலக்கம் 6 என்றால் மட்டும் ஒற்றை, ஏன்?

நள்ளிரவு_எண்ணி:

எனக்கு இரவுப் பணி. திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், பெரும்பாலும் அவற்றில் எதுவும் நடக்காது. கண் சொக்காமல் இருக்க வர்க்க எண்களை மனத்துக்குள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவேன். பெருக்குவதில்லை. 1-உடன் 3 கூட்டினால் 4, அதோடு 5 கூட்டினால் 9, 7 கூட்டினால் 16, 9 கூட்டினால் 25. அடுத்தடுத்த ஒற்றை எண்ணைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். இது ஏன் சரியாக வருகிறது என்பது தெரியும்: புள்ளிகளைச் சதுரமாக அடுக்கி, வலப்பக்கம் ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை, மூலைக்கு ஒரு புள்ளி சேர்த்தால் அடுத்த சதுரம் வந்துவிடும். அதைக் கேட்க வரவில்லை.

கேட்க வந்தது வேறு. 16, 36, 196, 256, 576, 676. இவற்றின் பத்தாம் இடத்தைப் பாருங்கள்: 1, 3, 9, 5, 7, 7. எல்லாம் ஒற்றை. மற்ற வர்க்கங்களான 49, 64, 81, 121, 144, 169, 225, 289 எல்லாவற்றிலும் பத்தாம் இடம் இரட்டை. அதாவது, கடைசி இலக்கம் 6 என்றால் அதற்கு முன்னால் ஒற்றை. 6 இல்லையென்றால் இரட்டை. கணினியில் 1 முதல் 1000 வரை வர்க்கங்களை அட்டவணையாகப் போட்டும் பார்த்துவிட்டேன். ஒன்றுகூட மீறவில்லை.

இது ஏன்? அப்புறம், ஆயிரம் வரை பார்த்தது போதுமா, அல்லது லட்சத்துச் சொச்சத்தில் எங்கேயாவது உடையுமா? இயற்கணிதம் பள்ளியோடு போய்விட்டது. படம்போல விளக்கினால் நல்லது.

சுருக்கமாக:

எண்ணை 10ப + க என்று எழுதுங்கள் (க கடைசி இலக்கம், ப அதற்கு முன்னால் இருப்பது). வர்க்கம் 100ப² + 20பக + க². முதல் உறுப்பு பத்தாம் இடத்தைத் தொடாது. இரண்டாவது அங்கே இரட்டைதான் சேர்க்கும். மிச்சம் க². 0 முதல் 9 வரையிலான வர்க்கங்களில் பத்தாம் இடம் ஒற்றையாக இருப்பவை 16, 36 இரண்டுதான். முடிந்தது. எங்கேயும் உடையாது.

கட்டத்தாள்:

மேலே சொன்னது சரி, ஆனால் கேட்டவர் படம் கேட்டார். கட்டம் போட்ட தாளில் 24-க்கு 24 ஒரு சதுரம் வரையுங்கள். கீழே இடப்பக்க மூலையில் 20-க்கு 20 ஒரு பெரிய சதுரத்தைப் பிரியுங்கள். மிச்சம் என்ன? மேலே 20 நீளம், 4 அகலத்தில் ஒரு பட்டை. வலப்பக்கம் அதே அளவில் இன்னொரு பட்டை. மூலையில் 4-க்கு 4 ஒரு குட்டிச் சதுரம்.

பெரிய சதுரம் 400. அது முழு நூறுகள், பத்தாம் இடத்துக்கு எதுவும் தராது. ஒரு பட்டை 80, அதாவது எட்டுப் பத்துகள். பட்டைகள் எப்போதும் இரண்டு, இரண்டும் ஒரே அளவு. அதனால் அவை சேர்ந்து தரும் பத்துகள் எப்போதும் இரட்டை எண்ணிக்கையில்தான் வரும். ஆக, ஒற்றையா இரட்டையா என்பதை முடிவு செய்வது மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்தக் குட்டிச் சதுரம் மட்டுமே. அதற்கு உள்ள வாய்ப்புகள் பத்து: 0, 1, 4, 9, 16, 25, 36, 49, 64, 81. இவற்றில் ஒற்றைப் பத்து உள்ளவை 16, 36. இரண்டும் 6-இல் முடிகின்றன. மற்ற எதுவும் 6-இல் முடியவில்லை. நீங்கள் கண்ட விதி அப்படியே இதில் இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. எனக்கு அதுதான் முதல் கேள்வியைவிடப் பிடித்தது. "ஆயிரம் வரை பார்த்தேன்" என்றால் பொதுவாக நான் நம்பமாட்டேன். ஆய்லர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு கணக்கு உண்டு. ஓர் எண்ணை எடுத்து, அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணையும் 41-ஐயும் கூட்டுங்கள். 0-க்கு 41, 1-க்கு 43, 2-க்கு 47, 3-க்கு 53. எல்லாம் பகா எண்கள். 39 வரை போனாலும் பகா எண்ணே வரும். நாற்பது முறை சரியாக வந்ததைப் பார்த்தவர் யாரும் இது விதி என்றுதான் சொல்வார். 40-ஐப் போட்டால் 1681 வரும். அது 41-இன் வர்க்கம். பகா எண் வரிசையை உடைப்பதே ஒரு வர்க்க எண்!

ஆனால் உங்கள் விஷயம் அப்படி இல்லை. நீங்கள் ஆயிரம் வரை போயிருக்கவே வேண்டாம், 25 வரை பார்த்திருந்தால் அதுவே முழு நிரூபணம். எப்படி என்றால், வர்க்கத்தின் கடைசி இரண்டு இலக்கங்கள் 25-ஐ மையமாக வைத்து இருபுறமும் ஒரே மாதிரி வரும். 24-க்கு 576, 26-க்கு 676. 23-க்கு 529, 27-க்கு 729. 22-க்கு 484, 28-க்கு 784. வித்தியாசத்தைக் கவனியுங்கள்: 100, 200, 300. 25-இலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரம் தள்ளி நிற்கும் இரு எண்களின் வர்க்கங்களுக்கு நடுவே, அந்தத் தூரத்தைப் போல் நூறு மடங்கு வித்தியாசம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே கடைசி இரண்டு இலக்கம் மாறாது. 50-ஐத் தாண்டினால் மறுபடி முதலிலிருந்து அதே வரிசை, ஏனென்றால் எந்த எண்ணோடு 50 சேர்த்தாலும் வர்க்கம் முழு நூறுகளால் மட்டுமே கூடும். 12-க்கு 144, 38-க்கு 1444, 62-க்கு 3844, 88-க்கு 7744. எல்லாவற்றிலும் 44.

சும்மா நிறைய எடுத்துக்காட்டு பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். 41 கணக்கில் அடுத்த எண் என்ன செய்யும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. இங்கே திரும்ப வரும் என்பது முன்பே தெரிந்துவிட்டது, அதனால் ஒரு சுற்றுப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்ததாகிவிடும்.

அந்தச் சுற்றில் மொத்தம் கிடைக்கும் ஈரிலக்க முடிவுகள் 22 மட்டுமே. 1-இல் முடிபவை 01, 21, 41, 61, 81. 4-இல் 04, 24, 44, 64, 84. 9-இல் 09, 29, 49, 69, 89. 6-இல் 16, 36, 56, 76, 96. இவற்றோடு 00-உம் 25-உம். 1, 4, 9-க்கு விதி அனுமதிக்கும் ஒவ்வோர் இரட்டையும் வந்திருக்கிறது, 6-க்கு ஒவ்வோர் ஒற்றையும் வந்திருக்கிறது. 0-உம் 5-உம்தான் கஞ்சத்தனம் பண்ணுகின்றன.

நள்ளிரவு_எண்ணி:

பட்டைகள் இரண்டாக வருவதால் இரட்டை என்பது சட்டெனப் பிடிபட்டது. ‘சுருக்கமாக’ என்ற பெயரில் எழுதியவரின் பதிலையும் இப்போதுதான் புரிந்து படிக்கிறேன், 20பக என்றால் அந்த இரண்டு பட்டைகள்!

25-ஐச் சுற்றிய விஷயம் எனக்கு உடனே உதவுகிறது. 37-இன் வர்க்கம் வேண்டுமென்றால் 25-இலிருந்து 12 தள்ளி இருக்கிறது, மறுபுறம் 13. 169-உடன் 1200 சேர்த்தால் 1369. 41-க்கு மறுபுறம் 9, 81-உடன் 1600, ஆக 1681. ஒற்றை எண்களைக் கூட்டிக்கொண்டே வரவேண்டிய அவசியமில்லை, நடுவில் எண்ணிக்கை தவறினாலும் ஒரு எட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

ஒரே சந்தேகம். இந்த ஒற்றை, இரட்டை விதி அழகாக இருக்கிறது, சரி. இதை வைத்து வேறு எதையாவது நிரூபிக்க முடியுமா? கன எண்களுக்கும் இப்படி ஒன்று உண்டா?

கட்டத்தாள்:

நிரூபிக்கலாம். 11, 111, 1111, 11111 என்று ஒன்றுகளாகவே போகும் எண்களில் ஏதாவது வர்க்கமாக இருக்குமா? வகுத்துப் பார்த்துக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. உங்கள் விதி ஒரு வரியில் சொல்லிவிடும்: 1-இல் முடிகிறது, பத்தாம் இடம் ஒற்றை, ஆகவே வர்க்கம் இல்லை. எத்தனை கோடி ஒன்றுகள் போட்டாலும் இல்லை.

விடாமல் மற்ற இலக்கங்களையும் பார்த்துவிடுவோம். 2, 3, 7, 8-இல் எந்த வர்க்கமும் முடியாது, ஆகவே 22, 333 வகையறா போயிற்று. 55, 555, 99, 999: பத்தாம் இடம் ஒற்றை, கடைசி 6 இல்லை, போயிற்று. 66, 666: இங்கே குற்றம் நேர் எதிர், 6-இல் முடிந்தும் முன்னால் இரட்டை இருக்கிறது. மிஞ்சுவது 4 மட்டும். 44-ஐ உங்கள் விதி தடுக்காது, 144-உம் 1444-உம் இருக்கின்றனவே. ஆனால் 4444 என்பது 4 பெருக்கல் 1111. 4 ஏற்கெனவே வர்க்கம். எனவே 4444 வர்க்கமாக இருந்தால் 1111-உம் வர்க்கமாக இருந்தாக வேண்டும். அது இல்லை என்று மேலேயே பார்த்துவிட்டோம். ஆக, ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வரும் எண் எதுவும் வர்க்கம் ஆகாது. 1, 4, 9 என்ற ஓரிலக்க வர்க்கங்கள் மட்டும் விலக்கு.

கனத்தை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சதுரத்தோடு சரி.

மூன்றாம்படி:

நான் எடுத்துக்கொள்கிறேன். கன எண்களுக்கு இப்படிப்பட்ட தடை இல்லை. சதுரத்தில் பட்டைகள் இரண்டு, கனத்தில் பெரிய பெட்டியின் மேல் ஒட்டும் பலகைகள் மூன்று. மூன்று என்பதால் இரட்டைக் கட்டாயம் போய்விடுகிறது. 11-இன் கனம் 1331, 21-க்கு 9261, 31-க்கு 29791. பத்தாம் இடம் 3, 6, 9 என்று மூன்று மூன்றாக நகர்கிறது. இப்படியே போனால் பத்து இலக்கங்களும் ஒரு முறை வந்துவிடும். 1-இல் மட்டுமல்ல, 3, 7, 9-இல் முடியும் எண்களுக்கும் இதே கதைதான்.

அதனால் வர்க்கத்தால் முடியாத 11 முடிவு கனத்துக்குக் கிடைக்கும். 71-இன் கனம் 357911. (எனக்கு மிகவும் பிடித்த எண், 3, 5, 7, 9, 11 என்று பிரித்துப் படித்துப் பாருங்கள். இதற்குப் பின்னால் ஆழமான காரணம் ஒன்றும் இல்லை, தற்செயல்தான்.) 471-இன் கனம் 104487111, மூன்று ஒன்றுகள். 8471-இன் கனம் 607860671111, நான்கு. எத்தனை ஒன்றுகள் வேண்டுமானாலும் கடைசியில் வரவைக்கலாம்.

கேட்டவர் கூட்டல் பிரியர் போலத் தெரிகிறது, ஆகையால் ஒரு விளையாட்டு. 1, 2, 3, 4 என்று எழுதி ஒவ்வொரு இரண்டாவது எண்ணையும் அடித்துவிட்டால் ஒற்றை எண்கள் மிஞ்சும், அவற்றைக் கூட்டிக்கொண்டே போனால் வர்க்கங்கள். அது உங்களுக்கே தெரிந்தது. இப்போது ஒவ்வொரு மூன்றாவது எண்ணையும் அடியுங்கள். மிஞ்சுவது 1, 2, 4, 5, 7, 8, 10, 11. கூட்டிக்கொண்டே போனால் 1, 3, 7, 12, 19, 27, 37, 48. இதில் ஒவ்வொரு இரண்டாவதையும் அடித்தால் 1, 7, 19, 37. மறுபடி கூட்டினால் 1, 8, 27, 64. கனங்கள்! இரண்டாம் முறை அடித்துப்போட்ட எண்களையும் பாருங்கள்: 3, 12, 27, 48. வர்க்கங்களின் மூன்று மடங்கு.

நான்காவதை அடித்துத் தொடங்கினால், பிறகு மூன்றாவது, பிறகு இரண்டாவது, கடைசியில் நான்காம் அடுக்கு எண்கள் 1, 16, 81, 256 வரும். எந்த அடுக்குக்கும் பொருந்தும். ஆல்ஃபிரட் மோஸ்னர் 1951-இல் நிரூபணம் இல்லாமல் இதை வெளியிட்டார், ஆஸ்கர் பெரோன் அதே ஆண்டில் நிரூபித்தார். வெறும் கூட்டலும் அடித்தலும்தான் என்றாலும் நிரூபணம் அவ்வளவு சுலபம் இல்லை.

நள்ளிரவு_எண்ணி:

மோஸ்னர் விளையாட்டை மனத்துக்குள் செய்ய முடியவில்லை, தாள் வேண்டும். மூன்றாவதை அடிக்கும் கணக்கில் 343 வரை போனேன், சரியாக வருகிறது.

கட்டத்தாள் சொன்ன 1444 மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் மூன்று 4. அட்டவணையில் தேடினால் 462-இன் வர்க்கமும் 213444. ஆனால் நான்கு 4-இல் முடியும் வர்க்கம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. முன்னால் வேறு இலக்கங்கள் இருந்தாலும் கிடையாதா? இதையும் விதியை வைத்தே சொல்லிவிட முடியுமா?

சுருக்கமாக:

முடியும். வர்க்கத்தை 4-ஆல் மீதியில்லாமல் வகுக்க முடிந்தால் ஈவும் வர்க்கமாகத்தான் இருக்கும். 444-இல் முடியும் எண்ணை 4-ஆல் வகுத்தால் ஈவு 11-இல் அல்லது 61-இல் முடியும். 61 ஆகலாம், 361 அப்படித்தான் 1444 தருகிறது. 4444-இல் முடியும் எண்ணை வகுத்தால் ஈவு 11-இல் மட்டுமே முடியும். 11-இல் முடிவது வர்க்கம் ஆகாது, ஆகவே 4444-இல் முடியும் வர்க்கமும் கிடையாது.