காப்பு சர்வருக்கு நகலெடுப்பதில் மிகுந்த தாமதம்: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய ஒரு கணினியில், ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருள் வழியாகப் பார்க்கும் திரைப்படங்களோடு, குடும்ப விழாக் காணொளிகளும், காலஞ்சென்ற என் தந்தையார் கேசட்டில் பாடி வைத்திருந்த பாடல்களும் சேர்ந்து 4 டிபி உள்ளன. அந்த ஒரே டிஸ்க் பழுதானால் எல்லாம் போய்விடும் என்பதால், பழைய டெஸ்க்டாப்பில் 8 டிபி டிஸ்க் பொருத்தி, அடுத்த அறையில் தனிக் காப்பு சர்வராக வைத்திருக்கிறேன். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையின் வேகம் நொடிக்கு 11 எம்பியைத் தாண்டவில்லை. இப்படியே போனால் முதல் நகலுக்கே நான்கு நாட்கள் ஆகும். மேலும், நகலெடுத்து முடித்த ஃபோல்டரை மறுநாள் ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் மீண்டும் எடுக்கத் தொடங்குகிறது. இரு கணினிகளிலும் கிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) நெட்வொர்க் போர்ட்தான் உள்ளது. ஆர்சிங்கில் ‘ஆர்’ தெரிவு (உள் ஃபோல்டர்களையும் சேர்த்து எடுப்பது) மட்டுமே கொடுத்திருக்கிறேன்.

மறுமொழி 1:
நொடிக்கு 11 எம்பி என்றாலே இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட், அதாவது சுமார் 12 எம்பி) நிற்கிறது என்று பொருள். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் தேவை. ஒன்று அறுந்தாலும் வேகம் 100க்கு இறங்கிவிடக்கூடும். ஈத்டூல் கட்டளையில் வேகத்தைப் பாருங்கள். ரூட்டரின் போர்ட்டுகளையும் பாருங்கள், பலவற்றில் 100தான் இருக்கும். ‘ஆர்’ மட்டும் கொடுத்தால் கோப்பின் நேரம் நகலோடு வராது. அதனால் மறுநாள் எல்லாமே மாறியவையாகத் தெரியும். நேரத்தையும் சேர்த்து நகலெடுக்கும் ‘ஏ’ தெரிவைப் பயன்படுத்துங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சுவர் வழியாக வந்த கேபிளின் ஆர்ஜே 45 பிளக் முனையில் ஒரு கம்பி விலகியிருந்தது. புதிதாகக் கிரிம்ப் செய்ததும் (கம்பிகளைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தியதும்) 1000 காட்டுகிறது, வேகமும் 110 எம்பியை எட்டிவிட்டது. இனி, மூலத்தில் இல்லாதவற்றைக் காப்பிலும் அழிக்கும் ‘டெலீட்’ தெரிவையும் சேர்த்து, தினமும் இரவில் மெயின் சர்வரிலிருந்து ஓட்டலாமா?

மறுமொழி 2:
தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பகலில் யாரேனும் கைதவறி அழித்த ஃபோல்டர் அன்றிரவே காப்பிலிருந்தும் அழிந்துவிடும்; கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தாலும், மெயின் சர்வரிடம் காப்புக்குள் நுழையும் எஸ்எஸ்எச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலான மின்னணுச் சாவி) இருப்பதால் அங்கும் சென்றுவிடும். எனவே திசையை மாற்றுங்கள்: காப்பு சர்வரே, படிக்க மட்டும் அனுமதியுள்ள எஸ்எஸ்எச் சாவியோடு மெயின் சர்வருக்குள் நுழைந்து கோப்புகளை இழுத்துக்கொள்ளட்டும். ஒவ்வோர் இரவுக்கும் தேதியிட்ட ஃபோல்டர் வைத்து முந்தைய இரவின் ஃபோல்டரோடு ஒப்பிடும் ‘லிங்க்-டெஸ்ட்’ தெரிவைக் கொடுத்தால், மாறாத கோப்புகள் ஹார்டு லிங்க்காக (அதே தரவுக்கு இன்னொரு பெயராக) நிற்கும், கூடுதல் இடம் பிடிக்காது. அரிதாகவே மாறும் திரைப்படங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. ஆனால், இரு கணினிகளும் ஒரே வீட்டில் இருப்பதால் இடியோ வெள்ளமோ இரண்டையும் சேர்த்தே தாக்கக்கூடும். திரைப்படங்களை எப்படியும் திரும்பப் பெறலாம்; தந்தையாரின் குரலை ஓர் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னபடி திசையை மாற்றி, மெயின் சர்வரிடமிருந்த சாவியையும் நீக்கிவிட்டேன். இரண்டாம் இரவின் நகல் சில நிமிடங்களில் முடிந்தது. அப்பாவின் பாடல் ஒன்றைக் காப்பிலிருந்து எடுத்து முழுவதும் கேட்டுப் பார்த்தேன், குறையின்றி ஒலித்தது. கேசட் ஃபோல்டரும் விழாக் காணொளிகளும் இப்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அதை அக்கா வீட்டில் கொடுத்துவிடுவேன்.