நரம்பு அனிச்சையால் வரும் மயக்கத்திற்குப் பேஸ்மேக்கர் தேவையா?

குன்னூர் மகன்:
என் தாயார் 58 வயதிலும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். இந்த ஓராண்டில் பலமுறை முன்னறிகுறி எதுவுமின்றிச் சரிவில் மயங்கி விழுந்தார். ஒருமுறை தாடை எலும்பு முறிந்தது. கோயம்புத்தூரில் சாய்மேசைப் பரிசோதனை (மேசையில் படுக்கவைத்து நிமிர்த்திச் சாய்த்து மயக்கம் வருகிறதா என்று பார்ப்பது) செய்தபோது, இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் அனிச்சையால் அவருடைய இதயம் ஏழு விநாடிகள் நின்றுவிட்டது. இதயத் துடிப்பைத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கரைப் பொருத்தலாம் என்கிறார் மருத்துவர். வெறும் மயக்கத்திற்கு இவ்வளவா என்று உறவினர்கள் தடுக்கிறார்கள். பொருத்தியே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

கோத்தகிரிச் செவிலி:
தம்பி, அவசரப்பட வேண்டாம். இந்த மயக்கத்தில் துடிப்பு குறைவதோடு ரத்தக் குழாய்களும் தளர்ந்து அழுத்தம் இறங்குகிறது. பேஸ்மேக்கர் துடிப்பை மட்டுமே காக்கும். 1999-இல் வந்த வட அமெரிக்க ஆய்வு பெரும்பலன் காட்டியது உண்மைதான். ஆனால் அதில் கருவி பெற்றவர்களும் பெறாதவர்களுமே ஒப்பிடப்பட்டார்கள். 2003-இல் 100 பேருக்கும் கருவியைப் பொருத்தி, யாருக்கு அது துடிப்பைத் தூண்டுகிறது என்பதை நோயாளிகளிடமிருந்து மறைத்துச் சோதித்தபோது, தூண்டாத 52 பேரில் 22 பேரும் தூண்டிய 48 பேரில் 16 பேரும் மீண்டும் மயங்கினார்கள். உறுதியான பலன் என்று சொல்லத்தக்க வேறுபாடு அன்று. கருவி இருக்கிறது என்ற நம்பிக்கையே முதல் ஆய்வில் பலரை நிமிர்த்தியிருக்கக்கூடும் என்று கருதுகிறேன்.

குன்னூர் மகன்:
அக்கா, அந்த ஆய்வு இதயம் நின்றுபோனவர்களை மட்டும் தேர்ந்தெடுக்கவில்லையே. 2021-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில், 40 வயதைக் கடந்து, சாய்மேசையில் மூன்று விநாடிகளுக்கு மேல் இதயம் நின்ற 127 பேருக்குக் கருவி பொருத்தப்பட்டது. அது இயக்கப்படாதவர்களில் 53 விழுக்காட்டினர் மீண்டும் மயங்கினார்கள்; இயக்கப்பட்டவர்களில் 16 விழுக்காட்டினர் மட்டுமே மயங்கினார்கள். என் தாயார் அந்த வரையறைக்குள் வருகிறார். கால்களைப் பின்னிக்கொள்வது, கைகளை இறுக்குவது போன்ற பயிற்சிகள் மயக்கம் வருவதை முன்கூட்டி உணர்பவர்களுக்கு உதவும். அவருக்கோ அந்த ஒரு கணம்கூடக் கிடைப்பதில்லை.

உதகை மாணவி:
ரத்தம் எடுக்கும்போதெல்லாம் எனக்கும் மயக்கம் வரும். நானும் இக்கருவியைக் கேட்கலாமா?

கோத்தகிரிச் செவிலி:
வேண்டாம் அம்மா. உங்களுக்குக் காரணம் தெரிகிறது; படுத்த நிலையில் ரத்தம் கொடுங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள். இந்த வயதில் பொருத்தினால் பத்தாண்டுக்கு ஒருமுறை போல மின்கலத்திற்காக மீண்டும் அறுவை செய்துகொண்டே இருக்க வேண்டும். கருவியிலிருந்து இதயத்துக்குச் செல்லும் கம்பியில் பழுதும் கிருமித்தொற்றும் வரலாம்.

தம்பி, உங்கள் தாயாரின் நிலை வேறு என்பதை ஏற்கிறேன். ஆனாலும் சாய்மேசைப் பதிவில் இதயம் நிற்பதற்கு முன்பே அழுத்தம் வெகுவாக இறங்கியிருந்ததா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியானால் கருவி துடிப்பைத் தூண்டினாலும் மயக்கம் வரக்கூடும். அவர் ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரானால் அதன் அளவையும் முதலில் மறுபரிசீலனை செய்ய வேண்டும். 2012-இல் வந்த மற்றோர் ஆய்வில், இதயம் நிற்பது தோலடியில் வைக்கும் துடிப்புப் பதிவுக்கருவியில் உறுதிப்பட்டுப் பேஸ்மேக்கர் இயங்கியவர்களிலும் இரண்டாண்டுக்குள் 25 விழுக்காட்டினர் மயங்கினார்கள். ஆகவே கருவி வைத்தாலும் அவரைச் சரிவில் நிறுத்தாதீர்கள்.

குன்னூர் மகன்:
மாத்திரை எடுக்கிறார், அதை யாரும் கேட்கவில்லை. இரண்டையும் அடுத்த சந்திப்பில் கேட்கிறேன். சமதளத்தில் வேறு வேலை தருமாறு தோட்டத்தாரிடமும் பேசுகிறேன். ஆனால் மாத்திரையைக் குறைத்த பிறகும் விழுந்தால், கருவியை மேலும் தள்ளிப்போட நான் சம்மதிக்க மாட்டேன்.