டெக் பங்குகள் படிக்க வழி சொல்லுங்கள்

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். ஊர் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டம். டவுன் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். இங்கே பங்கு வாங்கி வைக்கத் தேவையான சிடிஎஸ் கணக்குத் திறந்தாயிற்று. ஆனால் கொழும்புப் பங்குச் சந்தையில் மென்பொருள் கம்பனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆசையெல்லாம் என்விடியா மாதிரி சிப், ஏஐ கம்பனிகள் மேல்தான். அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக் திறப்பது நமக்கு இரவு 7 மணி, அங்கே குளிர்காலம் என்றால் 8. வேலை முடிந்து பார்க்க வசதி. மழை பெய்தால் சிக்னல் போய்விடும், அது வேறு கதை.

போன வருடம் ஒரு வாட்ஸ்அப் குழுவை நம்பி 15,000 ரூபா விட்டேன். அதனால் டிப்ஸ் வேண்டவே வேண்டாம். ஆண்டறிக்கை வாசிப்பது, இன்னும் இலாபமே காணாத புதுக் கம்பனியை எப்படி மதிப்பிடுவது, இதையெல்லாம் தமிழில் சொல்லித்தரும் ஒன்லைன் வகுப்பு இருக்கிறதா? அப்புறம், இங்கிருந்து வெளிநாட்டுப் பங்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகள் இடம் தருமா? ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். வாங்கிப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.