வீட்டில் ஆளில்லாத நாட்களில் பூச்சாடிகளுக்கு என்ன செய்கிறீர்கள்? யாழ்ப்பாணத்து வாசகர்களே, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

திருநெல்வேலியிலிருந்து:

கடந்த ஆவணியில் கணவரின் இருதய சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில் 18 நாட்கள் தங்க வேண்டியிருந்தது. விறாந்தையிலும் முற்றத்து ஓரத்திலுமாக என்னிடம் 23 பூச்சாடிகள். பக்கத்து வீட்டுப் பையனிடம் படலைத் திறப்பைக் கொடுத்து, "ஒவ்வொரு நாளும் தண்ணீர் விட்டுவிடு அப்பன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.

திரும்பி வந்தபோது நான் முதலில் பார்த்தது அந்தூரியத்தைத்தான். பத்து வருடம் வளர்த்த செடி. இலைகள் மஞ்சளாகித் தொங்கின, அடித்தண்டைத் தொட்டால் கூழ். சாடியைக் கவிழ்த்தேன், அழுகல் மணம். வேர் ஒன்றுகூட வெள்ளையாக இல்லை. "மாமி, நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை" என்று அந்தப் பிள்ளை கண் கலங்கி நின்றான். இலை வாடுவதைக் கண்டு, தாகம் என்று நினைத்து, கடைசி வாரம் காலையும் மாலையும் ஊற்றியிருக்கிறான்.

பிழை அவனுடையது அல்ல. தண்ணீர் குறைந்தாலும் இலை தொங்கும், கூடினாலும் தொங்கும். மண்ணிலுள்ள இடைவெளிகள் எல்லாம் நீரால் நிரம்பிவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சாது, பிறகு பூஞ்சை பிடிக்கும். இதை அவனுக்கு யார் சொன்னார்கள்? நான் சொல்லவில்லை. அதே நேரம் முற்றத்தில் வெயில் படும் இடத்தில் இருந்த குரோட்டன்களுக்கு அவன் விட்ட தண்ணீர் போதவில்லை. பாதி இலை கொட்டிவிட்டது. எல்லாச் சாடிக்கும் ஒரே அளவு ஊற்றச் சொன்னது என் அறிவுரைதானே.

இப்போது தண்ணீர் விட வேண்டிய சாடிகளில் துணிநாடா கட்டியிருக்கிறேன். சிவப்பு என்றால் ஒவ்வொரு நாளும், மஞ்சள் என்றால் வாரத்தில் இரண்டு முறை, நாடா இல்லாவிட்டால் தொடவே வேண்டாம். அதோடு, விரலை இரண்டாம் மடிப்பு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் பட்டால் அன்று தண்ணீர் இல்லை.

குருநகரிலிருந்து:

அக்கா, உங்கள் குரோட்டன்களை வாட்டியது வெயில் மட்டுமாக இருக்காது. வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலம். கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு அது நன்றாகத் தெரியும்: காலையில் நனைத்த சாடி மாலைக்குள் காய்ந்து ஓரத்தில் வெடிப்பு விடும். இலையைச் சுற்றியிருக்கும் ஈரக்காற்றைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுவதால் செடி இன்னும் வேகமாக நீரை இழக்கிறது. நாங்கள் புறப்படுவதற்கு முதல்நாளே சாடிகளைத் தென்மேற்குப் பக்கத்திலிருந்து எடுத்து, வீட்டின் மறுபக்கச் சுவரோடு, இலையோடு இலை முட்டும்படி நெருக்கி வைத்துவிடுவோம். பெரியவை வெளியே, சின்னவை நடுவில். மண்ணின் மேல் இரண்டு விரல் தடிப்புக்குத் தென்னந்தும்பு பரப்புவோம். வேறு எதுவும் செய்யாமலே ஒரு வாரம் தாங்கியிருக்கின்றன.

இன்னொன்று. எங்கள் கிணற்று நீர் உவர். சாடி காயக் காய உப்பு மண்ணிலேயே தங்கி, விளிம்பில் வெள்ளையாகப் படியும். அதனால் போவதற்கு முன் நல்ல தண்ணீரை அடித்துளையால் வழியும்வரை ஒரு தடவை ஊற்றிக் கழுவிவிடுவது எங்கள் வழக்கம். பசளை மட்டும் அந்த வாரத்தில் போடாதீர்கள்.

சுன்னாகத்திலிருந்து:

நான் நம்புவது மண் முட்டியை. மெருகு பூசாத, ஏறக்குறைய ஒரு லீற்றர் கொள்ளும் சின்ன முட்டி. பெரிய தொட்டியின் நடுவில் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி புதைத்து, நீர் நிரப்பி, வாயைச் சிரட்டையால் மூடிவிடுவேன். மண் காயும்போது முட்டிச் சுவர் வழியாக நீரை இழுத்துக்கொள்கிறது. மண் ஈரமாக இருந்தால் கசிவு தானாகவே குறைந்துவிடும். அந்தூரியத்துக்கு நடந்தது இந்த முறையில் நடப்பது அரிது. கண்டி போய் ஒன்பது நாள் கழித்து வந்தபோது முட்டியின் அடியில் இன்னும் நீர் இருந்தது, கறிவேப்பிலைக் கன்று புதுத் துளிர் விட்டிருந்தது.

ஆனால் எங்கள் பக்கத்துத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது. கேத்தலுக்குள் படியும் அதே வெள்ளைப் படிவு முட்டியின் நுண்துளைகளையும் அடைத்துவிடும். இரண்டாம் வருடம் முட்டி கசியவே இல்லை, ஒரு மல்லிகையை இழந்தேன். இப்போது வருடத்தில் ஒரு முறை முட்டியை எடுத்து வினாகிரி கலந்த நீரில் ஒரு இரவு ஊறவைத்து, தேய்த்துக் கழுவிய பின்தான் மறுபடி புதைக்கிறேன்.

நல்லூரிலிருந்து:

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து யாரும் சாடிக்கு அடியில் தட்டு வைத்து நீர் நிரப்பிவிட்டுப் போகாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். பத்து நாள் கழித்து வந்து பார்த்தால் தட்டு முழுவதும் நுளம்புக் குடம்பிகள். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏழு, எட்டு நாட்களே போதும். எங்கள் ஒழுங்கையில் மூன்று வீடுகளில் டெங்கு வந்த வருடம் அது. என் வீட்டுத் தட்டு காரணமா என்று இன்றும் மனம் கேட்கிறது. தட்டு வேண்டுமென்றால் விளிம்புவரை மணல் நிரப்பி, மணலை நனைத்துவிட்டு அதன்மேல் சாடியை வையுங்கள். திறந்த நீர் ஒரு துளிகூட நிற்கக் கூடாது.

கோண்டாவிலிலிருந்து:

வாடகை அறையில் இருக்கும் மாணவன் நான். ஜன்னலோரம் நான்கு சின்னச் சாடிகள் மட்டுமே. திரி முறை எனக்குச் சரிவந்தது. முதலில் நைலோன் கயிற்றைப் பயன்படுத்தினேன். நீர் ஏறவே இல்லை. பிறகு அப்பாவின் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து முறுக்கி, முதலில் நன்றாக நனைத்து, ஒரு முனையைச் சாடியின் அடித்துளை வழியாக வேர்வரை செருகினேன். மறுமுனை கீழே இருக்கும் போத்தலுக்குள். போத்தல் சாடியைவிடத் தாழ்வாகவே இருக்க வேண்டும். மேலே வைத்தால் நீர் முழுவதும் ஒரே இரவில் இறங்கிவிடும், எனக்கு அப்படி ஆனது. போத்தல் வாயைத் திரியைச் சுற்றித் துணியால் அடைத்துவிட்டால் நுளம்பும் போகாது. ஊருக்குப் போவதற்கு நான்கு நாள் முன்பே கட்டி, எவ்வளவு நீர் குறைகிறது என்று போத்தலில் கோடு போட்டுப் பார்த்துக்கொள்வேன்.

அரியாலையிலிருந்து:

நீங்கள் எல்லோரும் சொல்வது நாட்கணக்கில் போகும் பயணம். 1995 ஒக்டோபர் 30 இரவு, போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர, நாங்களும் புறப்பட்டபோது எப்போது திரும்புவோம் என்று யாருக்கும் தெரியாது. மழை வேறு. அப்படியிருந்தும் அம்மா கிணற்றடிக்குப் போய், ஒரு வாளி அள்ளி வந்து துளசிக்கும் விறாந்தைச் சாடிகளுக்கும் ஊற்றிவிட்டுத்தான் படலையைத் தாண்டினார். அப்பா கோபித்துக்கொண்டார். அம்மா பதில் சொல்லவில்லை.

அடுத்த வருடம் தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்தோம். துளசி இல்லை. கூரைக்குக் கீழே இருந்த சாடிகளில் வெறும் மண், தூசி. முற்றத்தில் கவிழ்ந்து கிடந்த ஒரு சாடியில் இருந்த மருள் (பாம்புக் கற்றாழை) மட்டும், உடைந்த பக்கத்தால் நிலத்துக்குள் வேர் இறக்கி, ஐந்து கன்றுகளோடு நின்றது. அம்மா அதன் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அதனால், பிள்ளைகளிடம் வெளிநாடு போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சாடியில் விட்டுப் போகாதீர்கள். மாரியின் தொடக்கத்திலேயே மாமர நிழலில் நிலத்தில் நட்டுவிடுங்கள். கார்த்திகை மழையில் அவை வேர் ஊன்றிக்கொள்ளும். வந்தபின் கன்று பிரித்து மறுபடி சாடிக்கு எடுக்கலாம்.

திருநெல்வேலியிலிருந்து:

ஐயா, உங்கள் அம்மாவைப் பற்றி வாசித்துவிட்டுச் சிறிது நேரம் எதையும் எழுத முடியவில்லை.

என் அந்தூரியத்தின் அழுகாத ஒரு பக்கக் கன்றை வெட்டி, சிரட்டைக்கரியும் செங்கல் துண்டும் தும்பும் கலந்து நட்டிருந்தேன். இப்போது மூன்று இலை. பக்கத்து வீட்டுப் பையனிடம்தான் கொடுத்திருக்கிறேன். தை மாதம் இவரை மீண்டும் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும், ஆறு நாட்கள். சுன்னாகத்துத் தம்பி, அந்த முட்டிகளை எங்கே வாங்கினீர்கள்?