பழைய புல்லட் இண்டிகேட்டருக்கு நாமளே லென்ஸ் வெட்டிப் போட முடியுமா?

திருச்சி புல்லட்:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி அப்பாவோட 1991 மாடல் புல்லட் 350. அதுல இருக்கற இண்டிகேட்டர் கம்பெனியோடது இல்ல. அப்பா அந்தக் காலத்துல சென்னை புதுப்பேட்டையில வாங்கி மாட்டின அலுமினிய உருண்டை. முன்னால மோதிரம் மாதிரி ஒரு ரிம், அதுக்குள்ள 62 மில்லி வட்டத்துல தட்டையான ஆரஞ்சு பிளாஸ்டிக். செஞ்சவன் யாருன்னு தெரியாது, அதனால அதுக்கு லென்ஸும் எங்கயும் கிடைக்காது. நாலுல ரெண்டு உடைஞ்சு போச்சு. மாத்தி வேற இண்டிகேட்டர் போடச் சொல்லாதீங்க, அப்பா வீட்டுக்குள்ள விடமாட்டார்.

ரெண்டு முறை முயற்சி பண்ணிட்டேன். முதல்ல போர்டு எழுதற கடையில 3 மில்லி ஆரஞ்சு அக்ரிலிக் வாங்கி லேசர்ல வட்டமா வெட்டினேன். கச்சிதமா உட்கார்ந்துச்சு. ஆனா பல்பு போட்டா நடுவுல ஒரு நெருப்புப் பொட்டு, சுத்தி இருட்டு. அதையும் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் ரயில்வே கேட்டுல இண்டிகேட்டரை அணைக்க மறந்து பத்து நிமிஷம் நின்னுட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தா நடுவுல அப்பளம் மாதிரி உப்பியிருக்கு. பல்பு 10 வாட், லென்ஸுக்கும் பல்புக் கண்ணாடிக்கும் நடுவுல 6 மில்லிதான் இடைவெளி.

ரெண்டாவது முயற்சி எபாக்சி ரெசின். மழைநாள்ல ஊத்தித் தொலைச்சேன். மூணு நாளாகியும் மேல பலாச்சுளை மாதிரி பிசுபிசுப்பு. அடுத்து என்ன பண்ணலாம்?

போர்டுக்கடை, ஈரோடு:
தம்பி, நாங்க தினமும் அறுக்கறது இந்தச் சமாச்சாரம்தான். அக்ரிலிக் நூறு டிகிரி தாண்டினா இளக ஆரம்பிச்சிரும். பல்புக் கண்ணாடி அதைவிட எவ்வளவோ அதிகமாச் சுடும். பாலிகார்பனேட் 140 டிகிரிக்கு மேலயும் தாங்கும், ஆனா லேசர்ல வெட்டினா ஓரமெல்லாம் கருகிப் பழுப்பாகும். அதை ஜிக்சாவுல வெட்டி அரம் போட்டுத்தான் எடுக்கணும். 3டி பிரிண்ட் பண்ணலாம்னு எவனாவது சொல்வான், கேட்காதே. அதுக்குப் போடற பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரியிலயே தொய்ஞ்சிரும். சித்திரை வெயில்ல வண்டியை நிறுத்தினா, அது தொய்ய அந்தச் சூடே போதும்.

நடுப்பொட்டுக்கு வழி இருக்கு. உன் பழைய லென்ஸைத் திருப்பிப் பார், உள்பக்கம் வட்ட வட்டமா வரி இருக்கும். ஒளியைப் பரப்பறது அதுதான். லேசர்காரர்கிட்ட உள்முகத்துல ஒண்ணரை மில்லிக்கு ஒரு வட்டமா, அரை மில்லி ஆழத்துக்குக் கீறச் சொல்லு. முக்கியமா, ஷீட்டு காஸ்ட் அக்ரிலிக்கா, அதாவது அச்சுல ஊத்திச் செஞ்சதா இருக்கணும். அதுலதான் கீறின இடம் வெள்ளைப் பனி மாதிரி வரும். மெஷின்ல பிதுக்கி எடுக்கற எக்ஸ்ட்ரூடட்ல வழவழன்னு இளகி நிக்கும். வெட்டினதைப் பெட்ரோல் போட்டுத் துடைச்சிராதே, ஓரத்துல மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விட்டுரும். சோப்புத் தண்ணி போதும். சூப்பர் க்ளூவும் வேண்டாம், சுத்தி வெள்ளையாப் பூத்துரும்.

பழைய சாவி:
நல்லா இருக்கற லென்ஸையே சிலிக்கான்ல அச்சு எடுத்து ரெசின் ஊத்தினா அந்த வரியெல்லாம் அப்படியே வந்துருமே? எதுக்கு லேசர்?

போர்டுக்கடை, ஈரோடு:
வரும் அண்ணே. ஆனா சாதா எபாக்சி 60 டிகிரிக்கெல்லாம் ரப்பர் ஆகிரும். வெயில்ல மஞ்சளாகும். ஆரஞ்சு லென்ஸுல அது தெரியாதுங்கறது வேற விஷயம்.

ரிலேக்காரன், சென்னை:
சூட்டோட சண்டை போடறதை விட்டுட்டு பல்பை மாத்துங்க ஜி. எல்இடின்னா ரெண்டு வாட்தான், உங்க அக்ரிலிக்குக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஆரஞ்சு லென்ஸுக்குப் பின்னால வெள்ளை எல்இடி போட்டா சோகையா மஞ்சளடிக்கும். ஆரஞ்சு எல்இடியே வாங்குங்க.

டிக் டிக்குன்னு இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கற பழைய ரிலே அந்தச் சின்ன லோடுக்கு ஒத்து வராது. ஒண்ணு படபடன்னு அடிக்கும், இல்லன்னா சிமிட்டாம எரிஞ்சுக்கிட்டே நிக்கும். எர்த் ஒயரோட மூணு ஒயர் வர்ற எலக்ட்ரானிக் ரிலே போடுங்க. நிமிஷத்துக்கு 60லேர்ந்து 120 சிமிட்டலுக்குள்ள இருக்கணும், விதியும் அதுதான்.

இன்னொண்ணு, உங்க மீட்டர்ல இண்டிகேட்டர் எரியுதுன்னு காட்டற பைலட் லைட்டு, ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒண்ணுதானா?

திருச்சி புல்லட்:
ஆமா சார், ஒண்ணே ஒண்ணுதான்.

ரிலேக்காரன், சென்னை:
அப்ப மாட்டினதும் இடது போட்டா நாலும் சேர்ந்து சிமிட்டும், பயந்துராதீங்க. அந்த பைலட் பல்பு இடது ஒயருக்கும் வலது ஒயருக்கும் குறுக்கே நிக்குது. அது வழியா எதிர்ப்பக்கத்துக்குக் கசியற கரண்ட் பழைய 10 வாட் பல்பை எரிக்காது, எல்இடியை எரிச்சிரும். ரெண்டு ஒயரையும் பைலட்லேர்ந்து கழட்டி, ஒவ்வொண்ணுலயும் கரண்டை ஒரே திசையில விடற ஒரு 4007 டையோடு, வெள்ளிக்கோடு இருக்கற முனை பைலட் பல்பு பக்கமா வெச்சு, ரெண்டையும் ஒரே முனையில சேருங்க. பைலட் பல்போட இன்னொரு முனை எர்த்துக்கு. டையோடு ரிச்சி ஸ்ட்ரீட்டுல சில்லறைக் காசு.

திருச்சி புல்லட்:
நேத்து முடிச்சாச்சு. காஸ்ட் ஷீட்டு கேட்டதுக்கு மூணு கடையில "எல்லாம் ஒண்ணுதான் தம்பி"ன்னாங்க. நாலாவது கடையில மேல ஒட்டியிருந்த காகிதத்துல எழுதியிருந்ததைக் காட்டித்தான் கொடுத்தார். வட்டம் கீறி மாட்டினதும் ஒளி ரிம் வரைக்கும் வந்துருச்சு. நாலையுமே புதுசா வெட்டிட்டேன், பழசுக்கும் புதுசுக்கும் நிறம் சேரல. போன் கடிகாரம் வெச்சு எண்ணினேன், 84 சிமிட்டல். சொன்ன மாதிரியே நாலும் சேர்ந்து அடிச்சுது, டையோடு போட்டப்புறம் அடங்குச்சு. அப்பா வந்து பார்த்துட்டு, "அந்த டிக் டிக் சத்தம் எங்கடா?"ன்னு மட்டும் கேட்டார்.

ஒரு சின்னக் குறை. ராத்திரி மழையில பின்பக்க இடது லென்ஸுக்குள்ள ஆவி படிஞ்சிருக்கு. ஓரமெல்லாம் சிலிக்கான் பூசி அடைச்சிரட்டுமா?

பழைய சாவி:
அடைக்காதப்பா, உள்ள போன தண்ணி அப்புறம் எப்படி வெளிய வரும்? உருண்டையோட அடிப்பக்கம் 2 மில்லி ஓட்டை ஒண்ணு போடு. பல்பைக் கழட்டிட்டுப் போடு, அலுமினியத் தூள் ஹோல்டருக்குள்ள விழுந்தா ஷார்ட்டாகும்.