உடல்வாகு வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்: வியாழன் அச்சுக்குப் போகிறது, உதவி தேவை

ஈரோடு, தையல் ஆசிரியை:

எல்லாருக்கும் வணக்கம். தையல் பயிற்சிக்கு வரும் பெண்களுக்காக ஒரு கையேடு எழுதி முடித்திருக்கிறேன். அளவெடுப்பது, வெட்டுவது எல்லாம் எழுதியாகிவிட்டது. யாருக்கு எந்த மாதிரி உடை எடுப்பாக இருக்கும் என்று சொல்லும் அத்தியாயம்தான் நிற்கிறது. ஆங்கிலப் புத்தகங்களில் பெண் உடலைப் பேரிக்காய், ஆப்பிள், மணல்கடிகாரம், செவ்வகம், தலைகீழ் முக்கோணம் என்று பிரிக்கிறார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்து வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். பேரிக்காய் என்றதும் பின்வரிசையில் சிரிப்பு, அதற்கு அப்புறம் ஒரு பெண் டேப்பைக் கொடுத்து அளவெடுக்க வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். உடலைப் பழத்தோடு சேர்த்துப் பேசினால் நம் ஊரில் அது கிண்டல்தான். எனக்குத் தேவை ஐந்து பெயர்கள். படிப்பவளைச் சுருங்க வைக்காத பெயர்கள். வியாழக்கிழமை அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, மணல்கடிகாரத்துக்கு நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். துடி என்பது உடுக்கை. மேலும் கீழும் அகன்று நடுவில் சிறுத்த தோற்கருவி. அந்த வடிவத்தைப் பார்த்துத்தான் நம் புலவர்கள் துடியிடை என்றார்கள். அவர்கள் கண்ணாடிக் கடிகையைப் பார்த்தா சொன்னார்கள்? திருவெம்பாவையில் இட்டிடை வருகிறது, திருப்பாவையில் சிறுமருங்குல் வருகிறது, சங்கப் பாட்டில் நுசுப்பு வருகிறது, எல்லாம் இடையைச் சொல்பவைதான். ஆக, துடியிடை வாகு என்று வையுங்கள். இலக்கணமும் தடுக்காது: துடி, இடை இரண்டுக்கும் நடுவே யகர உடம்படுமெய், உவமைத்தொகை. துடியிடை வந்தாள் என்று சொன்னால் அன்மொழித்தொகையாகி அந்தப் பெண்ணையே குறிக்கும். ஒரு சொல்லில் இவ்வளவும் அடங்குகிறது.

திருச்சி, தையற்கடை:

ஐயா சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் அந்தக் கடைசி வரிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. துடியிடை வந்தாள் என்றால் பெண்ணையே குறிக்கும் என்கிறீர்கள். அப்படியென்றால் மற்ற நாலு வகையும் அதே மாதிரி பெண்ணைக் குறிக்க ஆரம்பிக்கும். கடையில் பையன்கள் ஆளைத்தான் பெயர் வைத்துக் கூப்பிடுவார்கள், அளவை இல்லை. ஒருத்தியை மட்டும் பாட்டில் வைத்துப் புகழ்ந்துவிட்டு மற்றவர்களுக்குச் செவ்வகம் என்று பெயர் கொடுத்தால் அது வகைப்பாடு இல்லை ஐயா, பரிசளிப்பு.

எங்கள் தொழிலில் வகை என்று யாரும் பிரிப்பதும் இல்லை. அளவு ஜாக்கெட் கொடுப்பார்கள், அதை விரித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். தோள் இறங்கினவர், முதுகு அகலமானவர், வயிறு முன்னால் இருப்பவர் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டு வெட்டுவோம். டாட் (வளைவுக்காகத் துணியை மடித்துப் பிடிக்கும் தையல்) எங்கே பிடிப்பது, பிரின்சஸ் கட் போடுவதா, கட்டோரி (மார்புப் பகுதியைக் கிண்ணம் போலத் தனியாக வெட்டித் தைப்பது) போடுவதா என்பது அதில்தான் இருக்கிறது. வயிறு முன்னால் இருப்பவருக்கு பிரின்சஸ் கட் நல்லது, ஏனென்றால் தோளிலோ கைக்குழியிலோ ஆரம்பித்து நெடுக்காக இறங்கும் தையல் பார்வையை மேலும் கீழுமாக இழுத்துவிடும். அதே ஆளுக்கு இடுப்பில் குறுக்கே ஒரு பட்டி வைத்தால் போச்சு.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம்:

நானும் இதே சிக்கலில் இருக்கிறேன். துணி விற்கும் ஒரு செயலிக்கு மொழிபெயர்க்கிறேன், பொத்தானில் பன்னிரண்டு எழுத்துக்கு மேல் நிற்காது. அதனால் நீளமான பெயர் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. இந்த ஐந்து பெயரும் பத்திரிகைகள் பரப்பியவை. ஆடைத் துறை ஆய்வில் பெயரை விட எண்தான் முக்கியம். 2004-இல் அமெரிக்காவில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பெண் உடல்வாகை ஒன்பதாகப் பிரித்தார்கள். அதில் மார்புச் சுற்றுக்கும் கீழே அகலமான இடத்தின் சுற்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல், மார்பு இடுப்பை விட 9 அங்குலமாவது, அல்லது கீழ்ச்சுற்று இடுப்பை விட 10 அங்குலமாவது கூடுதலாக இருந்தால்தான் அது ஐயாவின் துடி. மார்பு 36, இடுப்பு 30, கீழ்ச்சுற்று 37 அங்குலம் உள்ள பெண்ணைப் பார்த்தால் நாம் எல்லாரும் நல்ல வளைவான உடல்வாகு என்போம். அந்தக் கணக்கில் அவர் செவ்வகம். அவர்கள் அளந்த பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் செவ்வகம், துடி வகையினர் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அதிகம் பேருக்குப் பொருந்தும் வகைக்கு மோசமான பெயரும், அபூர்வமான வகைக்குக் காவியப் பெயரும் வைப்பது எனக்கும் சரியாகப் படவில்லை. அதுவும் அமெரிக்க அளவு. இந்தியப் பெண்களுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகத்தான் நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம்) 25,000 பேரை முப்பரிமாண வருடியால் அளக்கும் இந்தியாசைஸ் திட்டத்தைக் கையில் எடுத்தது.

கோவை, தனித்தமிழ் அன்பர்:

எல்லாரும் வாகு, வாகு என்று எழுதிக்கொண்டே போகிறீர்கள், யாரும் நின்று கேட்கவில்லை. வாகு என்பது தோள். பாஹு என்ற வடசொல்லின் வழி வந்தது. முருகனின் தம்பி வீரவாகு தேவர் பெயரில் இருப்பது அதுதான், தோள்வளைக்கு வாகுவலயம் என்று பெயர் வந்ததும் அதனால்தான். உடல்வாகு என்றால் உடல்தோள் என்றா ஆகும்? நம்மிடம் யாக்கை இருக்கிறது. யாத்தல் என்றால் கட்டுதல், எலும்பையும் நரம்பையும் தோலையும் சேர்த்துக் கட்டியது யாக்கை. அந்தக் கருத்துதான் மக்கள் பேச்சில் உடற்கட்டு என்று இன்றும் வாழ்கிறது. ஆகவே யாக்கை வகை, அல்லது உடற்கட்டு வகை.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நண்பரே, இரண்டு வாகு இருக்கின்றன. வீரவாகுவில் இருப்பது தோள், ஒப்புக்கொள்கிறேன். கைக்கு வாகாக இருக்கிறது, வாகான இடம் பார்த்து உட்கார் என்று சொல்கிறோமே, அதில் தோள் எங்கே இருக்கிறது? அது பொருத்தம், இசைவு, அழகு. வகு, வகை, வாகு என்று நீட்டிப் பார்த்தால் எனக்கு அது தமிழ் வேராகவே படுகிறது. பகு பாகு ஆனது போல, நகு நாகு... சரி, அது இன்னொரு விவாத இழைக்கு. அப்படியே வடசொல்லாக இருந்தாலும், வட எழுத்தை நீக்கி வந்தால் ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார். அதற்கு மேல் நமக்கு என்ன கோபம்?

துடியிடை வேண்டாம் என்றால் இன்னொன்று சொல்கிறேன். சொல்லில் எழுத்து குறைவதைச் சொல்கிறேன்: தாமரை மரை ஆனால் தலைக்குறை, ஓந்தி ஓதி ஆனால் இடைக்குறை, நீலம் நீல் ஆனால் கடைக்குறை. நடு சிறுத்த உடலுக்கு இடைக்குறை வாகு என்றால் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

ஈரோடு, தையல் ஆசிரியை:

ஐயா, மன்னிக்கணும். குறை என்ற சொல் இந்தக் கையேட்டுக்குள் வராது. என்னிடம் படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் தன் உடம்பில் குறை இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். குறையை மறைப்பது எப்படி என்றுதான் எல்லாப் பத்திரிகையும் எழுதுகிறது. நான் மறைப்பது பற்றி எழுதவில்லை, துணி எங்கே விழ வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எழுதுகிறேன். தோளை விட கீழ்ப்பக்கம் அகலமானவருக்குப் படகுக் கழுத்து வைத்தால் தோள் கொஞ்சம் விரிந்து தெரியும், பஃப் கையும் அவருக்குத் தாங்கும், குர்த்தியில் இடுப்பிலிருந்தே விரிய விட்டால் சைடு ஓபன் அகலமான இடத்தில் போய் வாயைப் பிளக்காது. அதே படகுக் கழுத்தைத் தோள் அகலமானவருக்கு வைத்தால் இன்னும் அகலம், அவருக்கு வி கழுத்துதான். உயரம் குறைந்தவர் சாண் அகலக் கரை போட்ட செட்டிநாட்டுக் கண்டாங்கியை ஆசைப்பட்டு எடுத்தால், வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ரவிக்கையைப் புடவை உடலின் நிறத்திலேயே தைத்துக்கொள்ளச் சொல்வேன், மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் ஓடினால் உயரம் வெட்டுப்படாது. நேராக இருப்பவருக்கு இடுப்பு வேண்டும் என்றால் ஒட்டியாணம் ஒன்று போதும். இதில் எது குறை?

உடற்கட்டு வேண்டாம். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் உடற்பயிற்சிக்கூடம்தான் ஞாபகம் வரும். யாக்கை என்றால் நிலையாமை. அதைச் சொல்லி யாருக்கும் நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்க முடியாது.

டொராண்டோ, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்:

நான் ஊரில் மனைப்பொருளியல் படிப்பித்தவள். நீங்கள் அங்கே மனையியல் என்கிறீர்கள், இதுவே இன்னும் ஒன்றாகவில்லை. எங்கள் பக்கம் ரவிக்கை என்று யாரும் கதைக்கிறதில்லை, சாறிக்குச் சட்டைதான். அதனால் கையேட்டில் முதல் தரம் வரும் இடத்திலாவது ரவிக்கைக்குப் பக்கத்தில் சட்டை என்றும் போடுங்கோ தங்கச்சி, இங்கேயும் பிள்ளைகள் வாசிப்பார்கள்.

உடல்வாகு எங்களுக்கும் நல்லாக விளங்கும். வகைகளுக்குப் பொருளின் பெயரையே வைக்காமல் எந்த இடம் விரிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னால் என்ன? மேல்விரி, கீழ்விரி, நடுவிரி. மிச்ச இரண்டில் ஒன்று நேர்.

சென்னை, மென்பொருள் தமிழாக்கம்:

மேல்விரி வாகு, கீழ்விரி வாகு, நடுவிரி வாகு, நேர் வாகு. பொத்தானுக்குள் அடங்குகிறது. விரி வாகு வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும், பிள்ளை பெற்ற பிறகு வாகு மாறினாலும் பெயர் பொய்யாகாது. ஐந்தாவதுக்கு வெறும் உடுக்கை வாகு என்று வைக்கலாமா? துடி பாட்டுச் சொல், உடுக்கை கோயிலில் எல்லாரும் பார்த்தது.

ஒருவர் எனக்குத் தனி மடலில் சில்லவெட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழாக நிழலுரு என்ற சொல்லை அனுப்பி, எல்லாவற்றுக்கும் அதையே வைக்கலாம் என்கிறார். சில்லவெட் என்பது உடையின் வெளிவடிவம், உடலின் வடிவம் இல்லை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம். 1759-இல் பிரான்சின் நிதியமைச்சராக இருந்த எத்தியேன் த சில்லவெட் பெயரால் வந்த சொல் அது. உடைக்கு மட்டும் வெளிவடிவம் என்று எழுதிவிடலாம்.

திருச்சி, தையற்கடை:

பெயர் எல்லாம் சரி. அளவு அட்டையில் என்ன போடுவீர்கள்? இடுப்பு என்று எழுதினால் ஒருத்தர் தொப்புள் பக்கம் அளப்பார், இன்னொருத்தர் உள்பாவாடை நாடா கட்டுகிற இடத்தில் அளப்பார். அதற்கும் கீழே, 7 முதல் 9 அங்குலம் இறங்கி, இருப்பதிலேயே அகலமான இடத்துக்குக் கடையில் சீட் என்றுதான் சொல்வோம். மேல்விரியா கீழ்விரியா என்று முடிவு செய்வதே அந்த அளவை வைத்துத்தான். அதற்குத் தமிழ் சொல்லாமல் வாகுவுக்கு மட்டும் இவ்வளவு நேரம் பேசியிருக்கிறோம்.

கோவை, தனித்தமிழ் அன்பர்:

அரை. அரைஞாண் கட்டுகிற இடம். ஊருக்கே தெரிந்த சொல். இடை மேலே, அரை கீழே. அரைச்சுற்று என்று எழுதுங்கள்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இலக்கியத்தில் அதற்கு அல்குல் இருக்கிறது, ஆண்டாளே புற்றரவல்குல் என்று பாடுகிறாள். ஆனால் அந்தச் சொல் எந்த உறுப்பைக் குறிக்கிறது என்று நம் அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். வகுப்பறைக்குக் கொண்டுபோக நானே சொல்ல மாட்டேன்.

திருச்சி, தையற்கடை:

அரைச்சுற்று என்று எழுதினால் பாதிச் சுற்று என்று படிப்பார்கள். படித்தால் துணி போச்சு. நாங்கள் வெட்டுவதே சுற்றளவைப் பாதியாகவும் கால் பங்காகவும் மடித்துத்தான். 40 அங்குலம் இருந்தால் கால் பங்கு 10, அதோடு லூஸுக்கும் தையலுக்கும் சேர்த்து வெட்டணும். அரைச்சுற்று 40 என்று பார்த்துவிட்டு புதுசாக வருகிற பிள்ளை, முழுச்சுற்று 80 என்று கணக்குப் போடுவாள். இது விளையாட்டுக்குச் சொல்வது இல்லை.

கோவை, தனித்தமிழ் அன்பர்:

அரையளவு என்றாலும் அதே சிக்கல்தான், சரி. ஆனால் சீட் என்று தமிழ்க் கையேட்டில் அச்சிடுவதை என்னால் ஏற்க முடியாது. உட்காருமிடம் என்றாவது எழுதுங்கள்.

ஈரோடு, தையல் ஆசிரியை:

எல்லாருக்கும் நன்றி. இன்று மாலை கொடுக்கிறேன். உடல்வாகு இருக்கிறது. மேல்விரி, கீழ்விரி, நடுவிரி, நேர், உடுக்கை ஐந்தும் இருக்கின்றன. வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. நடுவிரி யார் என்று கேட்டதற்கு இரண்டு பேர் தானாகவே எழுந்து வந்து அளவு கொடுத்தார்கள். அக்கா சொன்னபடி ரவிக்கைக்குப் பக்கத்தில் சட்டையும் போட்டுவிட்டேன். அளவு அட்டையில் இடுப்பு, அதற்குக் கீழே சீட் என்றே போகிறது, படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். கடைக்கு வேலைக்குப் போனால் அந்தச் சொல்தான் அவர்கள் காதில் விழும்.

கோவை, தனித்தமிழ் அன்பர்:

சீட்டுக்கு என் எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்புக்குள் வேறு சொல்லோடு வருகிறேன்.

மதுரை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வாருங்கள். அதற்குள் வாகு பற்றித் தனி இழை தொடங்குகிறேன், பாகு, நாகு இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.