பொருள்: உராய்வில் விளையும் படலத்துக்கு ஒரு சொல் வேண்டும்

குழுவினர்க்கு வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்க்கான உராய்வியல் நூலொன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டிய நிலையில் 'டிரைபோஃபிலிம்' என்னும் சொல்லில் நின்றுவிட்டேன். எஞ்சின் எண்ணெயில் கரைந்திருக்கும் துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட்டு என்னும் தேய்வுத்தடுப்புச் சேர்க்கைப்பொருள், எஞ்சினின் வால்வுகளைத் திறக்கும் உறுப்புகளான கேமும் டாப்பெட்டும் அழுந்தி உரசும் இடத்தில் சிதைந்து, எஃகின் மேல் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தடிமனில், கண்ணாடி போன்ற பாஸ்பேட்டுத் திட்டுகளாகப் படிகிறது. எஃகை ஒட்டிய அடிப்பகுதியில் கந்தகச் சேர்மங்கள் மிகுந்திருக்கும். எஃகுக்குப் பதிலாகத் தேய்வதும் இதுவே, தேய்ந்தபின் மீண்டும் வளர்வதும் இதுவே. 'மசகுப் படலம்' என்பதை எண்ணெய்ப் படலத்துக்கு முன் இயல்களில் ஆண்டுவிட்டேன். 'உராய்வுப் படலம்' பொருந்துமா?

* * *

அம்மையீர்,

1966இல் பிரிட்டனில் ஜோஸ்ட் தலைமையிலான குழு தன் அறிக்கையில் உராய்வியலுக்கு 'டிரைபாலஜி' என்னும் பெயரை வழங்கியபோது, தேய்த்தல் என்று பொருள்படும் கிரேக்க வேரையே எடுத்துக்கொண்டது. எனவே 'தேய்ப்புப் படலம்' என்பதே வேருக்கு நெருக்கமானது. 'படலம்' வடசொல் என்பதால் அதையும் விலக்கி, பாலாடையிலுள்ள ஆடையைக் கொண்டு 'தேய்ப்பாடை' என்றோ 'உராய்வாடை' என்றோ சொல்லலாம். பாலின் உட்பொருளே ஆடையாவது போல எண்ணெயின் உட்பொருளே இப்படியாகிறது. 'உயவு' என்னும் நற்சொல் இருக்க, வண்டிக்காரர் வழங்கும் 'மசகை' நூலில் ஏற்றியதும் எனக்கு உடன்பாடன்று.

* * *

புலவர் ஐயா பொறுத்தருள்க. பணிமனையில் பாடம் நடத்துபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எண்ணெய் தேய்த்துக் குளித்து வளர்ந்த மாணவன் 'தேய்ப்புப் படலம்' என்பதைத் தடவிய படலம் என்றே கொள்வான். இதுவோ யாரும் தடவாமல் உரசலில் தானே விளைவது. 'தேய்ப்பாடை' என்றால் பாடை காதில் விழுகிறது, 'உராய்வாடை' என்றால் வாடை அடிக்கிறது. வகுப்பில் சிரிப்பை அடக்க என்னால் இயலாது. உயவைப் பொறுத்தவரை, தொல்காப்பியர் 'உயாவே உயங்கல்' என்று வருத்தத்தை அல்லவா சொன்னார்? வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் இட்டவர்களுக்கு அதன் பெயர் தெரியாதா என்ன?

பாலாடை உவமையிலும் ஒரு குறை உண்டு. பால் காய்ந்தாலே ஆடை படரும். இந்தச் சேர்க்கைப்பொருளும் போதிய சூட்டில் உரசலின்றியே ஒரு படலம் தரும்; ஆனால் அதற்கு 'வெப்பப் படலம்' என்று தனிப்பெயர் உண்டு. 2015இல் வெளியான ஆய்வொன்றில், பரப்பை நுண்முனையால் தொட்டறியும் அணுவிசை நுண்ணோக்கியின் ஒற்றை முனையை இந்த எண்ணெய்க்குள் தேய்த்துப் பார்த்தபோது, அழுத்தம் ஏற ஏறப் படலம் வளரும் வேகம் மடங்கு மடங்காகப் பெருகியது. ஆகவே சூட்டைவிட உரசலும் அழுத்தமுமே சொல்லில் தெரிய வேண்டும். மண்வெட்டி பிடித்துப் பிடித்துக் கை காய்த்துப் போகிறதே, அந்தக் 'காய்ப்பு' இதற்கு ஏற்றது என்பேன்.

* * *

காய்ப்பு என்றதும் புறநானூற்றின் 14ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. யானையை அடக்கும் தோட்டியும் (அங்குசம்) குதிரையின் கடிவாளமும் பிடித்து, வில்நாண் வடுப்படுத்த வலியவாகிப்போன சேரமன்னன் செல்வக்கடுங்கோவின் கைகளையும், சோறு உண்பதன்றி வேறு தொழில் அறியாமல் மெல்லியவாக இருக்கும் பாடுவோர் கைகளையும் கபிலர் ஒப்பிடும் இடம் அது. சொல் அழகுதான். ஆனால் கையில் காய்ப்பது கையின் தோலே. இங்கே எஃகு காய்க்கவில்லை, எண்ணெயில் வந்த விருந்தாளி படிகிறான். மாமரத்தின் காய்ப்பும் குறுக்கே வரும்.

* * *

எஃகின் இரும்பும் அந்தப் பாஸ்பேட்டில் கலக்கிறது ஐயா. முழு விருந்தாளி என்று சொல்வதற்கில்லை.

* * *

அனைவர்க்கும் நன்றி. நூலில் 'உராய்வுப் படலம்' என்றே இடுகிறேன். தனிமடலில் "எதுவானாலும் சரி" என்று எழுதிய நால்வரையும் இதற்கு ஆதரவாக எண்ணிக்கொண்டேன். சொல் முதலில் வரும் பக்கத்தில், கை காய்ப்பதைச் சுட்டி ஒரு வரி சேர்க்கிறேன். மசகு மசகாகவே இருக்கும்.

* * *

'படலம்' குறித்த என் மறுப்பைப் பதிவுசெய்க. 'உயவு' பற்றி விரிவாக எழுத வேண்டியிருப்பதால் தனி இழை தொடங்குகிறேன்.